முப்பத்து நான்கு சுற்று

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. தண்ணி திறக்கிறவர் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். வயது ஐம்பத்து நான்கு. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வால்வு திறந்து மூடும் வேலை பார்த்து வருகிறேன். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே உள்ள ஊழியர் குடியிருப்பில் இரண்டாவது வீட்டில் மனைவியுடனும் மகளுடனும் வசிக்கிறேன். என்னை யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை. இன்று வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு நானாகவே சைக்கிளில் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை தையல் கூடத்தில் பிடித்த தீயில் மூன்று பெண்கள் இறந்துபோனது தொடர்பாக, அன்று அந்தத் தெருவின் தீயணைப்புக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் தையல் கூடத் தெருவின் முனையில் ஒரு குழிக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேட்டுப் பகுதிக்குப் போகிறது. அங்கே நகராட்சித் தலைவர், பொறியாளர், டாக்டர்கள், வக்கீல்கள் என்று முப்பது வீடுகள். மற்றொன்று கீழ்ப் பகுதிக்குப் போகிறது. அங்கே பட்டறைகளும் தையல் கூடங்களும் வரிசை வீடுகளுமாக ஆயிரத்துக்கு மேல் உண்டு. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடிவிடும், மேட்டுக்கு ஏறாது. ஆகவே ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றதைத் திறப்போம். மேட்டு வால்வு இருபத்திரண்டு சுற்று. கீழ் வால்வு முப்பத்து நான்கு சுற்று. கீழ்க் குழாய் பழையது என்பதால் ஒரேயடியாகத் திறந்தால் தண்ணீர் முட்டிக் குழாய் வெடித்துவிடும். ஐந்து சுற்றுத் திறந்து ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஐந்து சுற்று, மறுபடி ஒரு நிமிடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. இதுவரை என் கையால் ஒரு குழாய்கூட வெடித்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எழுதி வைத்த நேரப்படி மேட்டுக்குக் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. கீழே ஏழரை முதல் பன்னிரண்டு வரை, பிறகு மாலை நாலு முதல் ஆறு வரை. இந்த நேரம் தாளில்தான் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு தலைவர் தன் வீட்டுப் பின்புறம் நீச்சல் குளம் கட்டினார். அதன் பிறகு மேட்டு நேரம் எட்டானது, எட்டரையானது, சில நாள் பத்தானது. எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது. பொறியாளர் போனில் "கொஞ்சம் விட்டு வைங்க" என்பார், நான் விட்டு வைப்பேன். பொறியாளருடைய வீடும் மேட்டில்தான். அவர் தோட்டத்தில் புல் எல்லாப் பருவத்திலும் பச்சையாக இருக்கும்.

வால்வுச் சாவி என்பது நெஞ்சு உயர இரும்புத் தண்டு. அடியில் சதுரக் கவ்வும் மேலே குறுக்குக் கம்பியும் இருக்கும். என்னிடம் முன்பு மூன்று இருந்தன. தையல் கூடத் தெருக்காரர்கள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னைச் சூழ்ந்துகொண்டு சாவியைப் பிடுங்கித் தாங்களே திறந்துகொண்டார்கள். அதன் பிறகு தலைவர், "கண்டவன் எல்லாம் திறந்தா அப்புறம் நகராட்சி எதுக்கு?" என்று சொல்லி மூன்று சாவிகளையும் தன் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஊர்த் தண்ணீருக்கு ஒருவர் வீட்டுப் பூட்டு. ஒவ்வொரு முறையும் நான் மேட்டுக்கு ஏறிச் சாவி வாங்கி, இறங்கி வந்து திறந்து, மறுபடி ஏறிக் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் சமையற்கார அம்மா கொட்டகையைத் திறந்து வைப்பார். பகலில் கொட்டகைப் பூட்டின் சாவி தலைவரின் சாவிக்கொத்திலேயே இருக்கும்.

இதில் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லையா என்று ஆய்வாளர் கேட்டார். உண்டு. என் குடியிருப்புக் குழாய் தொட்டியிலிருந்து நேராக வருவது. அது ஒருநாளும் நின்றதில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? மற்றவர் குடத்தோடு காத்திருந்த நாட்களிலும் என் வீட்டில் இரண்டு வேளைக் குளியல் நடந்தது. என் மகளுக்கு நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலை தலைவர் போட்டுக் கொடுத்ததுதான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு மேட்டு வால்வைத் திறந்து சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது பொறியாளர் அங்கே இருந்தார். சாயங்காலம் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், குளத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறோம், நான் சொல்லும்வரை கீழே திறக்க வேண்டாம் என்று கூறினார். சரி என்றேன். ஏழரைக்குத் தையல் கூடத் தெரு வழியாக வந்தபோது காஜா அக்கா வாசலில் காலிக் குடத்துடன் நின்றார். தையல் கூடத்தில் பொத்தான் துளை தைக்கிற வேலை அவருக்கு, அதனால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்கள். "என்னங்க, மேட்டுக்காரங்க வாய் கொப்பளிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டார். இன்றைக்குக் கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னேன். "அப்ப தொண்டைக்குள்ளயும் கழுவுறாங்க போல" என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இறந்த மூவரில் அவர் ஒருவர்.

அதன் பிறகு நான் தொட்டி வளாகத்தில் இருந்தேன். பதினொன்று இருபதுக்குத் தீயணைப்பு நிலைய அலுவலர் போனில் அழைத்தார். தையல் கூடத்தில் கீழ்த்தளத்தில் துணிக்கட்டுகள் எரிகின்றன, படிக்கட்டு முழுக்கப் புகை, மாடியில் பின்னறையில் ஆட்கள் இருக்கிறார்கள், வண்டித் தண்ணீர் பத்து நிமிடத்துக்குத்தான் வரும், தெருக் குழாய் காய்ந்து கிடக்கிறது, உடனே திற என்று சொன்னார். சாவி தலைவர் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு, "ஒரு கம்பிய விட்டு நெம்பித் திறக்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்றேன்.

அது பொய். பெரிய குறடு ஒன்றும் கடப்பாரை ஒன்றும் இருந்தால் குழிக்குள் இறங்கித் திறக்கலாம். கஷ்டம், ஆனால் முடியும். அந்தக் குறடு என் வீட்டு வாசலில் தொங்குகிறது. வால்வுத் தண்டு முறிந்தால் பொறியாளர் என்னைக் கேட்பார் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. ஆள் சாகும் என்ற நினைப்பு வரவில்லை. சாவி வாங்கித்தான் திறப்பது என்று கைக்கும் காலுக்கும் பழகிப்போயிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு மிதித்தேன்.

பதினொன்றரைக்குத் தலைவர் வீட்டு வாசலை அடைந்தேன். காவல்காரரிடம் விவரம் சொன்னேன். அவர், "ஐயா பின்னாடி இருக்காரு, யாரும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நானும் பிள்ளைகுட்டிக்காரன் அண்ணே" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஆனாலும் பாவம், போய்ச் சொன்னார். கம்பிக் கதவு வழியாகப் பின்புறம் வரை எனக்குத் தெரிந்தது. தலைவர் குளத்தோரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பொறியாளர் பக்கத்தில் நின்றார். குளத்தைச் சுற்றி விளக்கு வைப்பவர் ஒருவர் நீல விளக்கையும் மஞ்சள் விளக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காவல்காரர் குனிந்து காதில் சொன்னதும் தலைவர் என் பக்கம் திரும்பி உள்ளங்கையைக் காட்டினார். பொறு என்று அர்த்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பதினைந்து நிமிடம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கீழே புகை நன்றாகத் தெரியும். காற்று மேட்டுப் பக்கம் அடித்தது. சமையற்கார அம்மாவைக் கூப்பிட்டு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார் தலைவர். அதன் பிறகு நான் சத்தமாக, "ஐயா, தையல் கூடத்துல தீ, உள்ள ஆளுங்க இருக்காங்க, சாவி வேணும்" என்று கூப்பிட்டேன். இருபத்தாறு வருடத்தில் அந்த வாசலில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். தலைவர் எழுந்து கதவருகே வந்தார். அவருக்குக் கோபம் இல்லை. "தீயணைப்பு வண்டி வந்திருக்கில்ல? தண்ணி இல்லாமலா வந்திருப்பான்?" என்று கேட்டார். வண்டித் தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று சொன்னேன். அவர் பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். பொறியாளர் குளத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு சாண்தான் சார், பத்து நிமிஷத்துல வந்துரும். இப்ப நிறுத்தினா சாயங்காலத்துக்குள்ள மறுபடி ஏத்த முடியாது" என்றார். "அப்ப பத்து நிமிஷம்" என்று தலைவர் என்னிடம் சொன்னார். பேரம் படிந்துவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நான் யாரிடமும் சொல்லவில்லை. கதவை உடைக்கவில்லை. கொட்டகைப் பூட்டை உடைக்கவில்லை. காவல்காரர் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அதை வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் என்ன குடித்தேன் என்பது உறைத்தது. பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தலைவரின் சாவிக்கொத்து காவல்காரர் கையில் வந்தது. கொட்டகையைத் திறந்து சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் இறங்கினேன்.

பன்னிரண்டு ஐந்துக்குக் குழியை அடைந்தேன். தையல் கூடம் அங்கிருந்து ஐந்தாவது கட்டடம். தீயணைப்பு வீரர்கள் வெறும் குழாயைத் தெருவில் நீட்டிப் போட்டுவிட்டு நின்றார்கள். சிலர் பட்டறைகளிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மாடிப் பின்னறை ஜன்னலில் இரும்புக் கம்பிகள் இருந்ததால் அந்த வழியாக எடுக்க முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே இருந்து யாரோ இரும்பில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூடியைத் தூக்கி, முதலில் மேட்டு வால்வை இருபத்திரண்டு சுற்று மூடினேன். பிறகு கீழ் வால்வில் சாவியைப் பொருத்தி ஐந்து சுற்றுத் திறந்தேன்.

இனி சொல்வதை ஆய்வாளர் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஐந்து சுற்று முடிந்ததும் நான் நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். மறுபடி ஐந்து சுற்று. மறுபடி ஒரு நிமிடம். தீயணைப்பு அலுவலர் ஓடிவந்து, "என்னய்யா நின்னுட்டு இருக்க?" என்று கத்தினார். குழாய் வெடிச்சிரும் என்று சொன்னேன். அவருக்கு வால்வு வேலை தெரியாது, ஆகையால் நான் சொன்னதை நம்பி ஒதுங்கி நின்றார். நான்காவது முறை நிறுத்தியபோது தட்டும் சத்தம் நின்றது. அது எனக்குக் கேட்டது. அப்போதும் முழு நிமிடம் ஆகும்வரை நின்றுவிட்டுத்தான் இருபத்தோராவது சுற்றைத் தொடங்கினேன். மொத்தம் ஆறு முறை நிறுத்தியிருக்கிறேன். ஆறு நிமிடம். முழுதும் திறந்து முடித்தபோது மணி பன்னிரண்டு பதினாறு. குழாய் வெடிக்கவில்லை. அன்று அது வெடித்தால்தான் என்ன என்று அதன் பிறகு பலமுறை யோசித்துவிட்டேன்.

தண்ணீர் நன்றாக வந்தது. ஒன்றே கால் மணிக்கு மூன்று பேரையும் கீழே கொண்டுவந்தார்கள். தெருவே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சாவியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைக்கவேண்டிய நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.

அதன் பிறகு நேற்று புதன்கிழமை மாலை ஆறரைக்குப் பொறியாளர் என் வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் செவ்வாய்க்கிழமை குடித்துவிட்டுத் தொட்டி வளாகத்தில் தூங்கிவிட்டதாகவும், சாவி என் பொறுப்பில் இருந்ததாகவும், கீழ் வால்வைத் திறக்க மறந்ததாகவும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும்தான் போகும், குடியிருப்பு இருக்கும், மகளுக்கு இந்த வாரமே நிரந்தர உத்தரவு வரும் என்றார். போடாவிட்டால் மூன்றும் போகும் என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டு, காலையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

என் மனைவி தாளைப் படித்துவிட்டு, "ஊருக்கு நல்லவனா இருந்து என்னத்தக் கண்டோம்? போட்டுக் குடுத்துட்டு வாங்க. இவளுக்காவது ஒரு வழி பிறக்கட்டும்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மகள் அடுப்படியில் நின்றிருந்தாள். வெளியே வரவில்லை. இந்தத் தாளை அலுவலகத்தில் யார் தட்டினார்கள் என்று நான் கேட்டேன். அவள் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க வயசு ஒண்ணு கூட இருந்துச்சுப்பா. நான்தான் திருத்தி அடிச்சேன்" என்றாள். நான் சாப்பிட்டேன். அவளும் பிறகு சாப்பிட்டாள்.

கையெழுத்துப் போடாத அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதைத் தட்டச்சு செய்தது என் மகள்தான் என்றாலும், சொல்லச் சொல்ல அடித்தாள் என்பதைத் தவிர அவள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவளை விசாரிக்கும்போது உட்காரவைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் அதன் பிறகு என்ன செய்தேன் என்று ஆய்வாளர் கேட்டார். இன்று காலை ஐந்தரைக்கு வழக்கம்போல மேட்டுக்கு ஏறினேன். சமையற்கார அம்மா கொட்டகையைத் திறந்து வைத்திருந்தார். மேட்டு வால்வை இருபத்திரண்டு சுற்றுத் திறந்தேன். ஏழரைக்கு மூடப்போகும்போது பொறியாளர் போன் செய்தார். தாளைப் பற்றிக் கேட்கத்தான் என்று நினைத்தேன். தீயின் சாம்பல் பறந்துவந்து குளத்தில் விழுந்து தண்ணீர் கறுத்துவிட்டது, எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறோம், ஒன்பது வரை விட்டு வைங்க என்றார்.

விட்டு வைத்தேன். இங்கே வந்து உண்மையைச் சொல்வது என்று அப்போது முடிவு செய்தாயிற்று, இருந்தாலும் விட்டு வைத்தேன். மூன்று சாவு வீடுகளும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. ஒன்பது மணிக்குத்தான் அவர்களுக்குத் தண்ணீர் போனது. ஐந்து ஐந்து சுற்றாக நிறுத்தி நிறுத்தித்தான் திறந்தேன்.

பன்னிரண்டுக்கு மூடிய பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் இங்கே கொண்டுவந்துவிட்டேன். வெளியே சைக்கிளில் கட்டியிருக்கிறது. வழக்குக்கு அது வேண்டும், கைப்பற்றுகிறோம் என்று ஆய்வாளர் கூறினார். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது மணி மூன்று ஆகிறது. நாலு மணிக்குக் கீழ்ப் பகுதியின் முறை. மற்ற இரண்டு சாவிகளும் தலைவர் வீட்டில் இருக்கின்றன, அங்கே போய்க் கேட்க இனி என்னால் முடியாது. ஆகவே ரசீது எழுதி, சாட்சிக்கு ஒரு காவலரையும் கூட அனுப்பி, அதை ஆறு மணி வரை என் கையில் கொடுக்கும்படி கேட்கிறேன். இன்றைக்கு நிறுத்தாமல் திறந்துவிடுகிறேன். வெடித்தால் வெடிக்கட்டும், அதையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுதிய காவலர் எனக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் என்று இருந்ததை ஆறு என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, சொன்னவை நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்)
வால்வு இயக்குபவர், குடிநீர்ப் பிரிவு
வியாழன், பிற்பகல் 3.15

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. இரும்பு வால்வுச் சாவி ஒன்று, தட்டச்சுத் தாள் ஒன்று கைப்பற்றப்பட்டன. சாவி 3.40க்குக் காவலர் ஒருவருடன் தற்காலிகமாகக் கொடுத்தனுப்பப்பட்டது.
(ஒப்பம்) ஆய்வாளர்